வான் பாயும் குளமும் வாடும் வலையும்

ஈழத்து மீனவர் என்றதும் எம்மில் பெரும்பாலோரின் மனக்கண்ணில் கடலே விரிகின்றது. வல்வெட்டித்துறை, மயிலிட்டி, பேசாலை, முல்லைத்தீவு என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாய் நினைவுக்கு வருகின்றன. கடற்றொழிலாளர் பட்ட துன்பங்கள் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஓரளவேனும் பேசப்பட்டுள்ளன. ஆனால் கடலின் இரைச்சலைக் கேளாது, குளத்து நீரில் வலைபோட்டுக் குடும்பம் நடத்தும் இன்னொரு மீனவர் கூட்டம் எமது மண்ணில் உண்டு. இரணைமடு, அக்கராயன்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் ஆகியவற்றின் கரைகளில் வாழும் அம்மக்களைப் பற்றி எவரும் பெரிதாக எழுதியதில்லை. காலநிலை மாற்றம் என்று உலகம் பேசிக்கொண்டிருக்கும் விடயம் அவர்களுடைய அடுப்படிக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆதலால் இவ்வாரம் அவர்களைப் பற்றி எழுதுவது எமது கடமை எனக் கருதுகின்றோம்.

ஆண்டுதோறும் மாரி பிறந்ததும் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் படங்கள் கைத்தொலைபேசி வழியாகக் கிரான்பர்ன் வரைக்கும் வந்து சேர்கின்றன. நுரை தள்ளிப் பாயும் வெள்ளத்தைக் கண்டு நாமும் மகிழ்கின்றோம். ஊர் செழித்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோம். கமக்காரனுக்கு அது செழிப்புத்தான். அதே வெள்ளத்தோடு வான்வழியே அள்ளுண்டு போவது குளத்து மீனவனின் ஓராண்டு உழைப்பு என்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை.

இக்குளங்களின் மீன்பிடி பழமையானது அன்று. விரால், குறவை, கெளுத்தி, விலாங்கு போன்றவை எமது குளங்களிலும் ஆறுகளிலும் தொன்றுதொட்டே இருந்தன. தூண்டிலும் பறியும் கரப்பும் கொண்டு வீட்டுத் தேவைக்குப் பிடித்தார்களே தவிர, அதைத் தொழிலாகச் செய்தோர் சிலரே. ஆபிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா மீன் 1952 ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட பின்னரே நிலைமை மாறிற்று. ஆழங்குறைந்த வெதுவெதுப்பான நீரில் அது பல்கிப் பெருகியது. இன்று இலங்கையின் நன்னீர் மீன் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் எனும் அளவில் நிற்கின்றது. அதில் பெரும்பங்கு இன்றும் திலாப்பியாவே. (இதே மீனை அவுஸ்திரேலியாவில் கேடுதரும் அந்நிய உயிரினமாகக் கருதுகின்றனர். குயின்ஸ்லாந்தில் அதை உயிரோடு வைத்திருப்பதே குற்றம். ஒரு நாட்டின் சோறு மற்றொரு நாட்டின் குற்றவாளி!)

அரசின் கவனமும் இத்தொழிலின்மீது நிலையாக இருந்ததில்லை. 1990 ஆம் ஆண்டில், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாதென்ற சமயக் காரணத்தை முன்னிட்டு, நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த உதவிகளை அரசு நிறுத்திக்கொண்டது. மீன்குஞ்சு வளர்க்கும் நிலையங்கள் கைவிடப்பட்டன. 1994 இல்தான் அக்கொள்கை மாற்றப்பட்டது. பின்னர் 1999 இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. வன்னிக்கோ அக்காலம் முழுவதும் போர்க்காலம். கொழும்பில் நிறுத்தினாலும் தொடங்கினாலும் அங்கே பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

போர்க்காலத்தில் அந்த மீன் செய்த உபகாரத்தை எம்மில் பலர் அறிவர். பொருளாதாரத் தடையும் கடற்றடையும் ஒருசேர அழுத்திய நாட்களில், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் மல்லாவி, அக்கராயன், வட்டக்கச்சி என்று கொட்டில் போட்டிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த மலிவான கறி குளத்து மீனே. குடாநாட்டில் இருந்தவரை, சேற்று மணம் வீசுமென்று அதனைத் தொடாதிருந்தவர்கள் புளியும் மிளகும் கூட்டிக் காய்ச்சி உண்ணப் பழகினர். இன்று கிரான்பர்னிலும் டண்டினோங்கிலும் வாழும் குடும்பங்கள் சிலவற்றில் அந்தக் குழம்பின் நினைவு இன்னமும் இருக்கக்கூடும்.

குளத்தின் கணக்கு

காலநிலை மாற்றம் இத்தொழிலை எவ்வாறு தாக்குகின்றது என்பதை அறிய வேண்டுமாயின், குளத்தின் ஆண்டுச் சுழற்சியை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான வாடைக்கால மழையால் குளம் நிரம்புகின்றது. காலபோகம் பெரிதும் மழையோடு விளைகின்றது. சித்திரைக்குப் பின் சிறுபோகத்துக்கெனத் துருசுகள் திறக்கப்படுகின்றன. சோளகக் காற்றும் வெயிலும் மீதியை உறிஞ்சுகின்றன. ஆவணி, புரட்டாதியில் குளம் ஒடுங்கி நடுப்பள்ளத்தில் கிடக்கின்றது. வற்றிய பகுதியில் புல் முளைக்கின்றது. மாடும் எருமையும் மேய்ந்து சாணமிடுகின்றன. மறுபடி மாரி வந்து அப்புல்லும் சாணமும் நீரில் மூழ்கும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அதுவே திலாப்பியாவின் உணவு. எருமைச் சாணத்துக்கும் குளத்து மீன் விளைச்சலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் சேன த சில்வா. இலங்கையில் கல்வி கற்பித்த அவர், பின்னாளில் எமது விக்ரோறியா மாநிலத்தின் வார்ணம்பூல் நகரில் டீக்கின் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2009 இல் வெளியிட்ட, காலநிலை மாற்றமும் மீன்வளர்ப்பும் பற்றிய ஆய்வு நூலிலும் அவருடைய பங்கு உண்டு.

ஆக, குளம் வற்றுவதே கேடு என்று எண்ணிவிடக் கூடாது. அளவோடு வற்றுவதும் அளவோடு நிறைவதுமே மீனை விளைவிக்கின்றன. கேடு, அந்த ஒழுங்கு குலைவதில் இருக்கின்றது.

ஆண் திலாப்பியா கரையோரத்து ஆழமற்ற நீரில் வட்டமாகக் குழிபறித்துக் கூடமைக்கும். பெண்மீன் முட்டைகளை வாயில் ஏந்திக் காக்கும். நீர்மட்டம் மெல்ல இறங்கினால் மீன் இடம்மாறிக் குழி பறித்துக்கொள்ளும். வேகமாக இறங்கினால் குழிகள் வெளியே தெரிந்து காய்ந்துவிடும். குஞ்சுகள் ஒதுங்கும் கரையோரப் புற்களும் நீருக்கு வெளியே நின்றுவிடும். அந்த இழப்பு அன்றே தெரியாது. மறு ஆண்டு வலையில் மீனில்லாத போதுதான் தெரியும்.

சிறு குளங்களின் கதை வேறு. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நீர் நிற்கும் கிராமக் குளங்களில் கட்லா, றோகு, சாதாக் கெண்டை ஆகியவற்றின் குஞ்சுகளை மாரியில் விட்டு, நீர் வற்றும் காலத்தில் பிடிப்பது வழக்கம். ஏழெட்டு மாதமாவது நீர் நின்றாலே மீன் விலைபோகும் அளவுக்கு வளரும். மழை ஒரு மாதம் பிந்தி, வெயில் ஒரு மாதம் முந்திவிட்டால், விரலளவுக் குஞ்சு கையளவு மீனாகு முன்னரே குளம் சேறாகிவிடுகின்றது.

வெப்பமும் தன் பங்கைச் செய்கின்றது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகின்றது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறைகின்றது. மீனுக்கோ சூடு கூடக் கூட மூச்சுத் தேவையும் கூடுகின்றது. ஒடுங்கிய குளத்தில் நெருங்கிக் கிடக்கும் மீன்கள் விடியற்காலையில் வாயைப் பிளந்து மேலே வருவதன் காரணம் இதுவே. ஒருசில பாகை வேறுபாடு மீனுக்கு வாழ்வும் சாவும் என்பதற்கு நாம் வாழும் மாநிலத்திலேயே சான்று உண்டு. மோர்வெல் நகருக்கு அண்மையிலுள்ள ஹேசல்வுட் நிலக்கரி மின்நிலையத்தின் வெந்நீர்க் குளத்தில் 2016 இல் வடபுலத்து மீனான பரமுண்டி விடப்பட்டது. 2017 மார்ச்சில் மின்நிலையம் மூடப்பட்டு நீர் குளிர்ந்தபோது அம்மீன்கள் தாங்கவில்லை. அங்கே குளிர் கொன்றது. வன்னியில் சூடு கொல்கின்றது.

ஒரு பக்கம் வறட்சி, மறு பக்கம் வெள்ளம்

காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான ஈரத்தைச் சுமக்கும் என்பது அறிவியலின் அடிப்படைக் கணக்கு. அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. பெய்யாதபோது நிலத்தை உலர்த்துகின்றது. ஆண்டின் மொத்த மழையைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லாதது போலத் தோன்றலாம். மூன்று மாதத்தில் பெய்ய வேண்டியது மூன்று நாளில் பெய்தால் குளத்துக்கு அது ஒன்றல்ல.

அண்மைய ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்ப்போம். 2014 இல் வடக்கிலும் கிழக்கிலும் கடும் வறட்சி. 2016 இலும் 2017 இலும் நாடு முழுவதையும் வாட்டிய வறட்சி நாற்பது ஆண்டுகளில் காணாதது எனப்பட்டது. 2018 டிசெம்பர் மூன்றாம் வாரத்தில் ஓரிரவில் பெய்த பெருமழையால் இரணைமடு நிரம்பி வழிந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரக்கணக்கானோர் பாடசாலைகளில் தஞ்சமடைந்தனர். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலின்போது வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் விறைத்து மடிந்தன. குளத்துக்குச் சாணமிடும் மாடுகளும் அவற்றுள் அடங்கும். 2024 நவம்பரில் மீண்டும் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல், இலங்கை முழுவதிலும் 600 க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இவற்றுள் ஒவ்வொன்றையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது. 1964 இலும் 1978 இலும் எமது கரைகளைச் சூறாவளி சூறையாடியதை மறந்துவிடவும் முடியாது. ஆயினும் ஒன்றிலிருந்து எழுந்து நிற்க முன் அடுத்தது வந்து விழுகின்றது என்பதை ஊரில் உறவினர் உள்ள எவரும் அறிவர்.

வறட்சிக் காலத்தில் முதலில் நிகழ்வது ஒரு பொய்ச் செழிப்பு. நீர் ஒடுங்க ஒடுங்க மீன்கள் ஓரிடத்தில் குவிகின்றன, வலைபோட்டவுடன் நிறைகின்றது. எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைப்பதால் விலை விழுகின்றது. பனிக்கட்டி வாங்கி வைக்க வழியில்லாதவன் வந்த விலைக்குக் கொடுக்கின்றான், அல்லது உப்பிட்டுக் கருவாடாக்குகின்றான். சிறுகண் வலைகள் இறங்குகின்றன. தாய்மீனும் குஞ்சும் சேர்ந்தே கரையேறுகின்றன. இதற்காக அவனைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. நாளை வற்றிச் சாகப்போகும் மீனை இன்று பிடிக்காதே என்று பசித்தவனிடம் யார் சொல்வது?

வெள்ளக்காலத்திலோ காட்சி தலைகீழ். விட்ட குஞ்சுகளும் வளர்ந்த மீன்களும் வான்வழியே ஆற்றில் இறங்கி, கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளத்துக் கடனீரேரிக்குப் போய்விடுகின்றன. வானுக்குக் கீழே ஊரார் கூடி அத்தாங்கும் வீச்சுவலையும் கொண்டு பிடித்துக் கொண்டாடுகின்றனர். குளத்துச் சங்கத்தார் காசு கொடுத்தும் அரசிடம் கேட்டும் விட்ட குஞ்சுகள் அவை. வெள்ளம் வடிந்த பின் குளம் நிறைய நீர் நிற்கும், மீன் இராது. அவ்வாண்டின் படங்களைப் பார்த்து நாம் இங்கே செழிப்பென்று எண்ணிக்கொண்டிருப்போம்.

நீரின் சொந்தக்காரர் யார்?

இயற்கையின் கொடுமை பாதி என்றால், மனிதர் வகுத்த ஒழுங்கின் குறை மறுபாதி. குளம் என்பது எமது சிந்தனையில் வயலுக்காகக் கட்டப்பட்டது. எவ்வளவு ஏக்கர் சிறுபோகம் விதைப்பது, துருசை எப்போது திறப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடித் தீர்மானிக்கின்றனர். அங்கே மீனவனின் குரல் மெலிந்தது. நெல் அழிந்தால் நட்டஈடு, காப்புறுதி என்று பேசுவதற்குச் சட்டமும் அலுவலகமும் வழக்கமும் உண்டு. அடித்துச் செல்லப்பட்ட மீன்குஞ்சை எண்ணிக் காட்ட எந்தக் கிராம சேவையாளரால் இயலும்?

குளத்து மீன்பிடியை நம்பியிருப்போருள் நிலமற்றோர் பலர். 1977 இலும் அதன் பின்னரும் மலையகத்திலிருந்து வன்முறைக்கு அஞ்சி வன்னிக்கு வந்து குடியேறியோரில் பெரும்பகுதியினருக்கு வயற்காணி கிடைக்கவில்லை. போரில் கணவரை இழந்த பெண்கள் மீன் வெட்டியும் கருவாடு போட்டும் விற்றும் பிழைக்கின்றனர். நிலமுள்ளவனுக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் உண்டு. காணி உறுதியை ஈடுவைத்துக் கடன் பெறலாம். நீரின்மீது உறுதி எழுதி வைத்திருப்பவர் எவர்?

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் பல ஆண்டுகளாகச் சர்ச்சைக்குரியதாய் இருந்ததை வாசகர் அறிவர். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். குடாநாட்டார் தாகத்தைச் சொன்னார்கள். குளத்தின் கொள்ளளவைக் கூட்ட அணை இரண்டு அடி உயர்த்தப்பட்டது. ஈற்றில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இத்தனை ஆண்டு விவாதத்தில் வயலும் குடமும் மோதிக்கொண்டன. வலையைப் பற்றிய பேச்சு அவற்றின் நடுவே அமுங்கிப் போயிற்று. கமக்காரரின் அச்சம் நியாயமற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. எவ்வளவு விதைத்தாலும் குளத்தில் இவ்வளவு நீர் மீனுக்கென்று மிஞ்சியிருக்க வேண்டும் என ஒரு மட்டத்தை எழுதிவைப்பது அவர்களையும் வாழவிட்டு மீனவரையும் வாழவைக்கும் என்பதே எமது எண்ணம். வான்கதவின் முன் கம்பிவலைத் தடுப்பு, குஞ்சுகளைச் சிலகாலம் அடைத்து வளர்த்துப் பெரிதானபின் விடுதல் போன்றவை பல நாடுகளில் செய்து பார்க்கப்பட்டவையே. வெள்ளத்தில் குப்பை அடைத்து அணைக்கு ஆபத்து வராதவாறு தடுப்பை அமைப்பது பொறியியலாளர் பொறுப்பு.

மட்டக்களப்பு வாவியில் இதே பிணக்கு வேறு வடிவில் நிகழ்கின்றது. மாரியில் வாவி பெருகி வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடுமாறு கமக்காரர் கேட்கின்றனர். வெட்டினால் இறாலும் மீனும் நீரோடு போய்விடும், வாவி மட்டம் தாழ்ந்துவிடும் என்று வாவி மீனவர் அஞ்சுகின்றனர். மழை படிப்படியாக வந்த காலத்தில் பேசித் தீர்க்க நாட்கள் இருந்தன. ஓரிரவில் வெள்ளம் வந்தால் பேச நேரமேது? முல்லைத்தீவில் நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இறாலுக்காக அங்கே இறங்கி வாழ்ந்த மக்கள், போரில் இழந்த நீரை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் மீண்டும் கேட்டு நிற்க வேண்டிய நிலை. பறவைகளைக் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. கரையில் இருப்போரைக் கேளாமல் காப்பதையே எதிர்க்கின்றோம்.

நாம் வாழும் மண்ணிலும்

இது வன்னிக்கு மட்டும் உரிய துயரன்று. ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் மேல்நீர் சூடேறியதால் அடிநீரோடு கலப்பது குறைந்து, அடியிலுள்ள சத்து மேலே வராமல் சிறுமீன் வளம் தேய்ந்து வருகின்றதென ஆய்வாளர் கண்டுள்ளனர். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் 2019 இலும் 2020 இலும் மழைவெள்ளம் உரிய காலத்தில் உரிய அளவில் வராததால் மீனவக் குடும்பங்கள் தவித்தன. மேற்கோங் நதியின் அணைகளும் அதற்குக் காரணமாயின.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மெனிண்டியில் டார்லிங் ஆற்றில் 2018 டிசெம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வறட்சியால் ஓட்டமற்று நின்ற நீரில் பாசி படர்ந்து பிராணவாயு அற்றுப்போனதே காரணம். அதே இடத்தில் 2023 மார்ச்சில், வெள்ளம் வடிந்து வெயில் எறித்தபோது, கோடிக்கணக்கான மீன்கள் செத்தன. ஒருமுறை வறட்சி, மறுமுறை வெள்ளம். இரண்டின் முடிவும் ஒன்றே. அவ்வாற்றைத் தம் தாயென அழைக்கும் பார்க்கிஞ்சி மக்களுக்கு 2015 இல் நிலவுரிமை அங்கீகரிக்கப்பட்டிருந்தது. நிலத்துக்கு உரிமை கிடைத்தது; நீர் பருத்திப் பண்ணைகளுக்கும் மேலுள்ள அணைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

எமது மாநிலத்தின் மேற்கே, குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லைக் கொண்டு வாய்க்காலும் மடையும் அமைத்து விலாங்கு வளர்த்த இடம் பட்ஜ் பிம். அவ்வாய்க்கால்களின் பழமை 6,600 ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகின்றது. 2019 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. வந்தேறிய ஆட்சியாளர் அங்கிருந்த கொண்டா ஏரியை வடித்து மேய்ச்சல் நிலமாக்கினர்; 2010 இல் மறுபடி அணைகட்டி நீரை மீட்டனர் அம்மக்கள். கிரான்பர்னிலிருந்து தெற்கு கிப்ஸ்லாந்து நெடுஞ்சாலையில் அரைமணி நேரத்துக்குள் செல்லக்கூடிய கூ வீ ரப் ஊரும் ஒருகாலத்தில் பெருஞ்சதுப்பு நிலமே. பூனூரோங் மக்கள் மீனும் விலாங்கும் பறவையும் பிடித்து வாழ்ந்த அந்நீரை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு ஓடவிட்டனர். இன்று நாம் வாங்கும் உருளைக்கிழங்கும் அஸ்பராகஸும் அச்சதுப்பின் கருமண்ணில் விளைகின்றன. உள்நாட்டு நீரை நம்பியிருந்தோர் எங்கும் முதலில் மறக்கப்பட்டனர் என்பதற்குச் சான்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

அகதிகளாகிய எமக்கு

அகதிகளாய் வந்த எமக்கு இவ்விடயத்தில் தனியாக இரண்டு அக்கறைகள் உண்டு.

முதலாவது, சட்டம் பற்றியது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகியவற்றின் பொருட்டு ஒடுக்கப்படுவோரையே அகதி என்கின்றது. குளம் வற்றியதால் புறப்பட்டவனுக்கு அதில் இடமில்லை. கிரிபாத்தித் தீவைச் சேர்ந்த இயோனே தெய்த்தியோட்டா என்பவர், கடல் தன் தீவை விழுங்குகின்றது என்று நியூசிலாந்தில் புகலிடம் கோரித் தோற்றார். ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவும் 2020 ஜனவரியில் வெளியான முடிவில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கவில்லை. எனினும் காலநிலைக் கேட்டால் உயிருக்கே ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பியனுப்பக் கூடாத நிலை எழலாம் என்று அது ஒப்புக்கொண்டது. அவுஸ்திரேலியா துவாலுவோடு செய்த உடன்படிக்கை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 துவாலுவாசிகள் இங்கே குடியேறலாம். வாசல் கொஞ்சம் திறந்திருக்கின்றது, ஒரு சிறு நாட்டுக்கு மட்டும். 2012 இலும் 2013 இலும் படகில் வந்து இன்னமும் நிரந்தரத் தீர்வு கிடைக்காது காத்திருக்கும் எமது உறவுகளிடம், "ஊரில்தான் போர் முடிந்துவிட்டதே" என்று கேட்போர் உண்டு. போரில் பிடுங்கப்பட்ட நிலமும் கடலும் திரும்பாத நிலையில், எஞ்சியிருந்த குளமும் கைவிடுமானால் திரும்பிப் போகிறவன் எதை நம்பிப் போவது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை.

மற்றையது, எமது கைப்பணம் பற்றியது. ஊர்ச்சங்கங்கள் நெஞ்சாரக் கொடுக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் வள்ளமும் வலையும் வாங்கிக் கொடுத்துப் படமெடுப்பதே உதவி என்ற பழக்கம் எம்மிடம் ஊறிவிட்டது. மீன் குறைந்த குளத்தில் வலையைக் கூட்டினால் மீன் இன்னும் வேகமாகத் தீரும். இப்படிச் சொல்வதால் சிலர் மனம் நோகலாம். சொல்லாமல் விடவும் முடியவில்லை. கொடுக்க விரும்பும் சங்கத்தார் அந்தந்தக் குளத்து மீனவர் சங்கத்தாரோடு நேரே பேசவேண்டும். குஞ்சு வேண்டுமா, குஞ்சை அடைத்து வளர்க்கும் வலைக்கூடு வேண்டுமா, மீன் கெடாதிருக்கப் பனிப்பெட்டி வேண்டுமா, மீன் வெட்டும் பெண்களுக்குக் கூரையும் நீர்க்குழாயும் வேண்டுமா என்பதை அவர்களே சொல்லட்டும். குளம் வற்றிய மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு அரிசி வாங்கக் கைமாற்று நிதி ஒன்று இருந்தால், சிறுகண் வலை இறங்காமல் இருக்கக்கூடும்.

காலத்தையும் கவனித்தல் வேண்டும். எமது சங்கங்களில் பல பொங்கல் விழாவிலும் சித்திரைக் கொண்டாட்டத்திலும் பணம் சேர்த்து, கணக்குப் பார்த்து, வைகாசியில் அனுப்புகின்றன. வைகாசியில் துருசு திறந்து நீர் இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது விடும் குஞ்சு வளர நீரிராது. குளத்தில் குஞ்சு விட உகந்த காலம் மாரிமழையின் முதற்பெருக்கு அடங்கி வான்கதவுகள் மூடப்படும் மார்கழி, தை மாதங்களே. குஞ்சு வளர்ப்போரிடம் அதற்கு ஓரிரு மாதம் முன்னரே சொல்லிவைக்கவும் வேண்டும். ஆகவே இங்கிருந்து பணம் புறப்பட வேண்டிய மாதம் ஒக்ரோபர். மெல்பேர்ணில் வசந்தம் பிறந்து நாம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வாரம் அது. நினைவில் வைத்துக்கொள்ள எளிது.